நாலாயிரம் புத்தகமும் நாலு சுவரும்

போன வருஷக் கடைசியில் ஒரு புத்தகத்தை மூன்றாவது தடவையாக வாங்கினேன். வாங்கும்போது அது தெரியாது. வீட்டுக்கு வந்து இடம் தேடி, வரலாற்று அலமாரியின் பின்வரிசையில் செருகலாம் என்று முன்வரிசையை இறக்கினால், அங்கே அதே அட்டையோடு இரண்டு பிரதிகள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. மகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கேலி செய்வாள் என்று நினைத்தேன். செய்யவில்லை. "அப்பா, உங்களுக்கு அப்புறம் இதையெல்லாம் நான் என்ன பண்ணணும்னு எழுதியாவது வெச்சிருங்க" என்றாள்.

நாற்பது வருஷமாகச் சேர்க்கிறவனிடம் கேட்கவேண்டிய கேள்விதான். அன்றைக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதற்கப்புறம் எட்டு மாதம், புத்தகத்தால் வீடு நிறைந்தவர்கள் வழக்கமாக யோசிக்கிற வழிகளை ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்த்தேன். இன்னும் அலமாரி போடுவது, பெட்டியில் கட்டிப் பரணில் ஏற்றுவது, மின்னூலுக்கு மாறுவது, எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பது, கொடுத்துவிடுவது. இதில் மூன்றை முன்பே செய்து கையைச் சுட்டுக்கொண்டவன் நான். அதனால் இந்த ஒப்பீடு நடுநிலையாக இருக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன்.

எதற்கும் முன்னால், இருப்பது எவ்வளவு என்று தெரிய வேண்டும். இரண்டாயிரத்து ஐந்நூறு இருக்கும் என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றாக எண்ண உட்கார்ந்தால் எடுத்து வாசிக்க ஆரம்பித்துவிடுவோம், வேலை ஓடாது. தையல் டேப்பை எடுத்துத் தட்டுகளை அளந்துவிடுவது உத்தமம். சாதாரணப் புத்தகம் சராசரியாக இரண்டரை சென்டிமீட்டர் தடிமன். ஒரு மீட்டருக்கு 40 புத்தகம் என்று வைத்துக்கொள்ளலாம். என் வீட்டில் 103 மீட்டர் வந்தது. அதாவது நாலாயிரத்துச் சொச்சம். பிறகு ஒரு மீட்டர் புத்தகத்தை எடை பார்க்கும் இயந்திரத்தில் அடுக்கினேன், 30 கிலோ காட்டியது. மொத்தம் மூன்று டன். ஒரு பெண் யானையை வீட்டுக்குள் கட்டி வளர்த்திருக்கிறேன்.

இன்னொரு அலமாரி

புத்தகப் பிரியர்களுக்கு முதலில் தோன்றுவது இதுதான். சுவர் எங்கே காலியாக இருக்கிறது என்று கண் தேடும். படுக்கையறைக் கதவுக்கு மேலே, மாடிப்படிக்குக் கீழே, ஜன்னலைச் சுற்றி என்று தேடித்தேடி நான் பதினெட்டு அலமாரி வரைக்கும் வந்தேன். இந்த வழியின் பெரிய நல்ல குணம், எந்தப் புத்தகத்தையும் பிரிய வேண்டாம். யாரையும் நோகடிக்காத வழி. ஆனால் மரத்துக்கும் தரைக்கும் அந்தத் தாட்சண்யம் கிடையாது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் செய்த அலமாரி ஒன்றில் தட்டுகள் நாலடி நீளம். பார்க்க அகலமாக, கம்பீரமாக இருந்தன. இரண்டு வருஷத்தில் எல்லாத் தட்டும் நடுவில் தொய்ந்து, கொடியில் ஈரத்துணி போட்ட மாதிரி ஆகிவிட்டன. செய்தவரைக் கூப்பிட்டுப் பலகை மட்டம் என்று சண்டைக்குப் போனேன். அவர் தட்டைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு, "சார், தப்பு பலகையில இல்ல, நீளத்துல" என்றார். நம்பவில்லை. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன், அவர் சொன்னது அப்பட்டமான இயற்பியல். ஒரே சீராகச் சுமை ஏற்றிய தட்டின் தொய்வு, நீளத்தின் நாலாம் அடுக்கில் ஏறும். 60 சென்டிமீட்டர் தட்டை 90 ஆக்கினால் தொய்வு ஒன்றரை மடங்கு ஆகும் என்று மனசு சொல்லும். உண்மையில் ஐந்து மடங்கு ஆகும். 120 ஆக்கினால் பதினாறு மடங்கு. தடிமனைக் கூட்டினால் தொய்வு குறையும், அது மூன்றாம் அடுக்கில் வேலை செய்யும். 18 மில்லிமீட்டரை 25 ஆக்கினால் தொய்வு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே வந்து நிற்கும். பார்ட்டிகிள் போர்டுக்கு இன்னொரு வியாதி உண்டு. சுமை மாறாமல் இருந்தாலும் அது வருஷாவருஷம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே போகும். அலமாரிதான் போடுவது என்று முடிவெடுத்தால் பிளைவுட் தட்டு, இரண்டு தாங்கலுக்கு நடுவே முக்கால் மீட்டருக்கு மிகாத நீளம், மேலே சுவரோடு திருகி இறுக்குவது. இந்த மூன்றிலும் சமரசம் வேண்டாம். சுவரோடு பிணைக்காத உயரமான அலமாரியில் குழந்தை ஒன்று ஏறினால் என்ன ஆகும் என்று நினைத்தாலே போதும்.

தரை அடுத்த விஷயம். வீடுகளின் தளத்தைச் சாதாரணமாகச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ வரையான சுமைக்குத்தான் கணக்கிட்டுக் கட்டுகிறார்கள். நூலகங்களின் புத்தக அறைக்கு அதைப்போல் பல மடங்கு. என் ஒரு அலமாரி, முப்பது சென்டிமீட்டர் ஆழம், தொண்ணூறு சென்டிமீட்டர் அகலம், ஆறு தட்டு, 160 கிலோவுக்கு மேல். அது நிற்கும் இடத்தை மட்டும் பார்த்தால் சதுர மீட்டருக்கு 600 கிலோ. பயப்பட வேண்டாம், அந்த 200 என்பது அறை முழுக்கப் பரவிய சுமைக்கான எண். சுவரை ஒட்டி, உத்தரத்துக்கு மேலே அல்லது பக்கத்தில் நிற்கும் ஒற்றை அலமாரி வரிசை பெரும்பாலும் தொல்லை தராது. ஆபத்து எப்போது வரும் என்றால், சுவர் தீர்ந்துபோய், மாடி அறையின் நடுவில் முதுகோடு முதுகாக அலமாரிகளை நிறுத்த ஆரம்பிக்கும்போது.

அந்த யோசனை நம் கண்டுபிடிப்பு இல்லை. பிரிட்டனின் பிரதமராக நாலு முறை இருந்த கிளாட்ஸ்டன், புத்தகங்களை எப்படிக் குடிவைப்பது என்று 1890ல் ஒரு கட்டுரையே எழுதினார். அலமாரிகளைச் சுவரோடு சாய்க்காமல் சுவருக்குச் செங்குத்தாக, அறைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும்படி வைத்து இரண்டு பக்கமும் அடுக்கினால், இருபதுக்கு நாற்பது அடி அறையில் கிட்டத்தட்ட 20,000 புத்தகம் கொள்ளும் என்பது அவர் கணக்கு. மனிதர் எண்பது வயதுக்கு மேல் தன்னுடைய 32,000 புத்தகங்களைத் தள்ளுவண்டியில் வைத்துப் புது நூலகத்துக்கு மாற்றியவர். நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது வேறு. புத்தகங்களை அறையில் குடிவைத்தால், கடைசியில் அறையைவிட்டு மனிதர்தான் வெளியேற வேண்டும்.

இந்த வழியில் என்னை உண்மையாகவே தோற்கடித்தது மரமும் இல்லை, தரையும் இல்லை. பின்வரிசை. ஆழமான தட்டாகப் போட்டு இரண்டு வரிசை அடுக்கியது நான் செய்த பெரிய முட்டாள்தனம். பின்வரிசைக்குப் போன புத்தகம் வீட்டில் இருந்தும் இல்லாத புத்தகம். மூன்றாம் பிரதி வந்து சேர்ந்தது அதனால்தான். நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931ல் வகுத்த நூலக விதிகள் ஐந்தில், நம்மைப்போன்ற ஆட்கள் ஐந்தாவதை மட்டும் மனப்பாடமாகச் சொல்வோம்: நூலகம் ஒரு வளரும் உயிர். வாங்குவதற்கு அதைவிட நல்ல சாக்கு எங்கே கிடைக்கும்? ஆனால் அதற்கு முந்தைய விதி ஒன்று இருக்கிறது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்று. சொந்த வீட்டில் ஒரு புத்தகத்தைத் தேட அரைமணி நேரம் ஆகிறது என்றால், நாலாவது விதியை மிதித்துக்கொண்டு ஐந்தாவதைக் கும்பிடுகிறோம்.

பெட்டியும் பரணும்

ஒரு காலத்தில் ஏழு அட்டைப்பெட்டிகளில் புத்தகம் கட்டிப் பரணில் ஏற்றினேன். "இப்போதைக்கு" என்று சொல்லித்தான் ஏற்றினேன். ஐந்து வருஷம் கழித்து இறக்கினேன்.

முதல் பெட்டியைப் பிரித்ததும் ஈர வாடை. மேலே இருந்த காலிகோ பைண்டிங் புத்தகத்தின் முதுகில் பசை இருந்த இடம் முழுக்க, யாரோ உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி நார் நாராக இருந்தது. பக்கத்தைத் திருப்பினேன். சாம்பல் நிறத்தில் ஒன்று, மீன் நீந்துவதுபோல் நெளிந்து கட்டுக்குள் ஓடியது. வெள்ளிமீன் பூச்சி, எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ராமபாணம் என்பார்கள். அதற்குக் கதையில் அக்கறை இல்லை, பசையில் உள்ள மாவுச்சத்துதான் வேண்டும். இருட்டு, ஈரம், யாரும் தொந்தரவு செய்யாத அமைதி, இந்த மூன்றையும் நானே பெட்டியில் கட்டி, மேலே டேப் ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். அட்டைப்பெட்டி வேறு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அதை ஒட்டிய பசையும் பூச்சிக்குத் தீனி.

ஈரப்பதம் 65, 70 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து இருந்தால் பூஞ்சை பிடிக்கும். 35 முதல் 50க்குள் இருந்தால் தாளுக்கு நல்லது. ஒரு சின்ன ஈரப்பதமானி வாங்கி வைத்தால் எந்த அறை புத்தகத்துக்கு ஆகாத அறை என்று ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். பரண் எந்தக் காலத்திலும் தேறாது. நாப்தலீன் உருண்டை போட்டால் போதும் என்று பலர் சொல்வார்கள். நானும் போட்டேன். பூச்சி பிழைத்துக்கொண்டது, எனக்குத்தான் தலைவலி வந்தது. பூச்சி பிடித்த புத்தகத்துக்கு நூலகப் பாதுகாப்பாளர்கள் செய்வது உறையவைப்பது: பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் மூடி, மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரமோ அதற்கு மேலோ. வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக்கூடாது. அறை வெப்பத்துக்கு வரும்வரை விட வேண்டும், இல்லாவிட்டால் தாளில் வியர்த்து நீர் கோத்துக்கொள்ளும். வீட்டு ஃப்ரீசரில் நாலு நாலு புத்தகமாக ஒவ்வொரு தடவையும் இரண்டு வாரம் வைத்தெடுத்தேன். ஐஸ் டிரே வைக்க இடமில்லை என்று வீட்டில் வந்த புகாரை இங்கே எழுதவில்லை.

அந்தப் பெட்டிகளில் இரண்டு புத்தகம் மீட்கவே முடியாமல் போயின. ஒன்று, எல்லோர் வீட்டிலும் இருக்கும் ஒரு பெரிய நாவல். ஒரு வாரத்தில் வேறு பிரதி வாங்கிவிட்டேன், முன்னதைவிட நல்ல தாளில். இன்னொன்று, வாரப்பத்திரிகையில் வந்த தொடர்கதையை யாரோ ஒருவர் வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்ட் செய்து வைத்தது. சாணித்தாள், ஓவியங்கள், நடுநடுவே அந்தக் காலத்து சோப்பு விளம்பரம், ஓரத்தில் பென்சிலில் எழுதியிருந்த "இந்த வாரம் மோசம்" என்ற விமர்சனம். கதை புத்தகமாக வந்திருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். அந்த பைண்டு வால்யூம் உலகத்தில் ஒன்றுதான் இருந்தது. இப்போது இல்லை.

என் கணக்கெல்லாம் அந்த இடத்தில்தான் மாறியது. அதுவரை எந்தப் புத்தகத்தை வைத்துக்கொள்வது என்று யோசிக்கும்போது, பிடித்ததா, இனி வாசிப்பேனா என்றுதான் கேட்டுக்கொள்வேன். இரண்டுக்கும் பதில் எப்போதும் ஆமாம்தான், அதனால் எதுவும் நகராது. கேட்கவேண்டியது, இது போனால் மறுபடி கிடைக்குமா என்பது. இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு மற்ற வழிகளைப் பார்த்தால் ஒவ்வொன்றும் வேறு மாதிரி தெரிகிறது.

திரைக்குள் அடக்குவது

மின்னூலை எதிர்த்துப் பேசும் வயதுக்காரன் என்று என்னை நினைத்துவிட வேண்டாம். ராத்திரி விளக்கை அணைத்தபின் வாசிக்க, எழுத்தைப் பெரிதாக்க, ஆயிரம் பக்கப் புத்தகத்தை மணிக்கட்டு வலிக்காமல் படிக்க, அதற்கு ஈடு எதுவும் இல்லை. 1998ல் தொடங்கிய மதுரைத் திட்டம் வழியாகப் பழந்தமிழ் நூல்கள் எத்தனையோ இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கே இருக்கும் மூலத்தை, வெறும் மூலத்துக்காக, நான் அலமாரியில் வைத்திருக்க அவசியமில்லை. உரையோடு கூடிய பழைய பதிப்பு என்றால் சமாசாரம் வேறு.

ஆனால் கடையில் வாங்கும் மின்னூல், வாங்கியதாகத் தோன்றினாலும் பெரும்பாலும் வாசிக்கப் பெறும் அனுமதிதான். 2009ல் அமேசான், உரிமைச் சிக்கல் உள்ள பிரதிகள் என்று சொல்லி, மக்கள் காசு கொடுத்து வாங்கிய புத்தகங்களை அவர்களுடைய கிண்டில் கருவிக்குள்ளிருந்தே தொலைவிலிருந்து அழித்தது. காசைத் திருப்பிக் கொடுத்தார்கள், வருத்தமும் தெரிவித்தார்கள். 2019ல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, அங்கே வாங்கிய புத்தகங்கள் எல்லாம் ஒரே வீச்சில் திறக்காமல் போயின. அதற்கும் காசு திரும்ப வந்தது. அலமாரியில் இருக்கும் புத்தகத்தைக் கடைக்காரர் ராத்திரியில் வந்து எடுத்துக்கொண்டு, தலைமாட்டில் காசை வைத்துவிட்டுப் போனால் நமக்கு எப்படி இருக்கும்?

நம்மிடம் இருக்கும் அச்சுப் புத்தகத்தை நாமே ஸ்கேன் செய்துகொள்வது இன்னொரு யோசனை. இருபது புத்தகம் செய்து பார்த்தேன். முந்நூறு பக்கப் புத்தகத்துக்கு, கட்டைப் பிரிக்காமல், கோணலில்லாமல் எடுத்து, பெயர் கொடுத்துச் சேமிக்க அரைமணிக்குக் குறையாது. நாலாயிரத்துக்கு 2,000 மணி நேரம். தினம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் கிட்டத்தட்ட மூன்று வருஷம். அந்த நேரத்தில் எத்தனை வாசித்திருக்கலாம்! இதோடு முடிவதில்லை, எடுத்த கோப்புகளை இரண்டு மூன்று இடங்களில் பிரதி வைத்து, சில வருஷத்துக்கு ஒருமுறை புது வட்டுக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். யூனிகோடு பரவுவதற்கு முன்னால் தமிழில் தட்டச்சு செய்த கோப்புகளை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும். இருபது வருஷத்துக்கு முன்னால் ஆசை ஆசையாகச் சேமித்த கோப்பைத் திறந்தால், எழுத்துரு இல்லாமல் திரை முழுக்கக் கிறுக்கல். அதே காலத்துப் புத்தகமோ, தாள் பழுப்பேறியிருந்தாலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டால் வாசிக்கலாம்.

அதனால் ஸ்கேன் என்பது மறுபடி கிடைக்காத புத்தகத்துக்கு மட்டும். உதிர்ந்துகொண்டிருக்கும் சாணித்தாள், சிறுபத்திரிகை இதழ்கள், கையெழுத்துப் பிரதிகள். என்னிடம் அப்படி இருப்பவை நூற்றைம்பதுக்குள். இது செய்யக்கூடிய வேலை. இடத்தைக் காலி செய்கிற வழி என்று இதைக் கணக்கில் சேர்க்கவே கூடாது, ஏனென்றால் ஸ்கேன் செய்த பிறகு அந்த நூற்றைம்பதில் ஒன்றைக்கூட நான் விடப்போவதில்லை.

மூவாயிரத்தில் நின்ற மனிதர்

பதினேழாம் நூற்றாண்டு லண்டனில் கடற்படை அதிகாரியாக இருந்த சாமுவேல் பீப்ஸ், 1668ல் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார்: அலமாரிகள் கொள்வதற்கு மேல் ஒரு புத்தகமும் வைத்துக்கொள்வதில்லை, நல்லது வந்தால் இடம் விட்டு மற்றது போக வேண்டும் என்று. கடைசியில் மூவாயிரம் புத்தகம் என்ற கணக்கில் கொண்டுவந்து நிறுத்தினார். உயரவாரியாக அடுக்கி, சிறியதற்கு 1 என்று ஆரம்பித்து, பெரியதற்கு 3,000 என்று எண் கொடுத்தார். உயரம் குறைந்த சிலவற்றுக்குக் கீழே மரக்கட்டை வைத்து மட்டம் பார்த்தவர் என்பதிலிருந்து அவர் எப்பேர்ப்பட்ட ஆள் என்று ஊகிக்கலாம். 1703ல் இறந்தார். ஒன்றும் சேர்க்கக்கூடாது, ஒன்றும் எடுக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு அந்த நூலகம் 1724 முதல் கேம்பிரிட்ஜின் மாக்டலன் கல்லூரியில், அவர் செய்வித்த அதே பன்னிரண்டு அலமாரிகளில் இருக்கிறது.

வரம்பு வைப்பது எனக்கு ஆரம்பத்தில் கஞ்சத்தனமாகப் பட்டது. இப்போது அப்படித் தோன்றவில்லை. மற்ற வழிகள் எல்லாம் இருக்கும் குவியலைப் பற்றியவை. இது ஒன்றுதான் வந்துகொண்டிருக்கும் புத்தகத்தைப் பற்றியது. ஒரு வருஷத்துக்கு நூறு வாங்குகிறவன் ஐந்நூறைக் கொடுத்தாலும் ஐந்து வருஷத்தில் பழைய இடத்துக்கே வந்து நிற்பான். ஆனால் ஒன்று வந்தால் ஒன்று போக வேண்டும் என்ற விதியைக் கண்ணை மூடிக்கொண்டு கடைப்பிடித்தால் ஒரு அபாயம் இருக்கிறது. நாம் எப்போதும் மெலிந்ததைத்தான் வெளியே அனுப்புவோம். மெலிந்தது, அட்டை கிழிந்தது, யாருக்கும் தெரியாத பதிப்பகம் போட்டது. அதுதான் பெரும்பாலும் மறுபடி கிடைக்காதது. பளபளவென்று இருக்கும் தடித்த புத்தகம் எந்தக் கடையிலும் இருக்கும்.

எதை அனுப்புவது என்பதற்கு அமெரிக்கப் பொது நூலகர்கள் 1970களில் வகுத்த ஒரு முறை எனக்கு உதவியது. தகவல் காலாவதியாகித் தப்பாக வழிகாட்டுகிறதா, தேறாத அளவுக்குச் சிதைந்துவிட்டதா, இதைவிட நல்ல புதுப் பதிப்பு வந்துவிட்டதா, சரக்கே இல்லாததா, நம் தேவைக்குச் சம்பந்தம் விட்டுப்போனதா, வேறு எங்காவது எளிதாகக் கிடைக்குமா என்று பார்க்கிறார்கள். இந்த ஆறில் கடைசிக் கேள்வி என்னுடைய கேள்வியேதான். என் கம்ப்யூட்டர் கையேடுகள் முழுதும் முதல் கேள்வியிலேயே விழுந்தன. இரண்டரை மீட்டர்! பதினைந்து வருஷமாக அவற்றை நான் திறந்ததே இல்லை, ஆனாலும் இரண்டு வீடு மாறியபோதும் சுமந்துகொண்டு போயிருக்கிறேன்.

கொடுப்பது

பழைய புத்தகக் கடைக்கு விற்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் நல்ல பத்தைப் பொறுக்கிக்கொண்டு மீதியை எடைக்குக் கேட்பார்கள். அவர்கள் தொழில் அது. காசு எதிர்பார்த்து யாரும் இதில் இறங்க வேண்டாம்.

நூலகத்துக்குக் கொடுக்கிறேன் என்பது சொல்லும்போது இனிக்கும். வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு போய் வாசலில் இறக்கினால் நூலகரின் முகத்தைப் பார்க்க வேண்டும். அவர்களுக்கும் அதே தொய்வு, அதே தரை, அதே பூச்சி. பெரும்பாலான நூலகங்கள் நன்கொடையை ஏற்கும்போது ஒன்றைச் சொல்லிவிடும்: வைத்துக்கொள்வதா, வேறு இடத்துக்கு அனுப்புவதா, கழிப்பதா என்பது எங்கள் முடிவு. அதில் மனத்தாங்கல் பட இடமில்லை. முன்கூட்டியே தட்டச்சு செய்த பட்டியல் கொடுத்தால் மரியாதை கிடைக்கும். அவர்கள் ஆசைப்படுவது ஒரு சிறுபத்திரிகையின் முழு வரிசை, ஒரே துறையில் ஆழமாகச் சேர்த்த தொகுப்பு, வட்டார வரலாறு போன்றவற்றுக்கு. பிரபல நாவலின் நாலாவது பிரதி அவர்களுக்கு எதற்கு?

தொகுப்பு சிதறாமல் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ரோஜா முத்தையா ஒருவர் போதும். விளம்பரப் பலகை எழுதும் தொழிலில் இருந்துகொண்டு, புத்தகம், இதழ், துண்டறிக்கை என்று கிட்டத்தட்ட ஒரு லட்சம் சேர்த்தார். 1992ல் அவர் காலமானபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, அது தமிழ் ஆராய்ச்சியாளர்களுக்கான நூலகமாக உருவாக வழிசெய்தது. அவர் சேர்த்ததில் பெரும்பகுதி, அந்தந்தக் காலத்தில் மற்றவர்கள் குப்பை என்று தள்ளியது. கவனியுங்கள், மறுபடி கிடைக்காதது என்பதுதான் அங்கேயும் மதிப்பு.

நிறுவனத்திடம் கொடுத்துவிட்டால் காலத்துக்கும் பத்திரம் என்றும் நினைத்துவிடக்கூடாது. 1814ல் பிரிட்டிஷ் படை வாஷிங்டனில் நாடாளுமன்ற நூலகத்தை எரித்தபின், தாமஸ் ஜெஃபர்சன் 1815ல் தன்னுடைய 6,487 புத்தகங்களை அதற்கு விற்றார். 1851ல் அங்கே மறுபடி தீப்பிடித்து, அவர் கொடுத்ததில் மூன்றில் இரண்டு பங்கு சாம்பலாயிற்று. ஆனால் எனக்குப் பிடித்த விஷயம் அது இல்லை. விற்று அலமாரியைக் காலி செய்த அந்த மனிதர் உடனே மறுபடியும் வாங்கிக் குவிக்க ஆரம்பித்துவிட்டார். வரம்பு இல்லாமல் கொடுப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

எனக்குக் கைவந்தது, ஆள் பார்த்துக் கொடுப்பது. இந்தப் புத்தகம் இவருக்கு என்று யோசித்து, கையில் கொடுப்பது. மெதுவான வழி, மாதம் பத்துப் பதினைந்துக்கு மேல் போகாது. கொடுத்த புத்தகம் வாசிக்கப்படும் என்ற நம்பிக்கை மட்டும் வேறு எந்த வழியிலும் இவ்வளவு கிடைக்கவில்லை. இப்படிப் பிரிக்கும்போது ஒரு கவிதைத் தொகுப்பின் முதல் பக்கத்தில் நண்பர் ஒருவரின் கையெழுத்தும் 1987 என்ற தேதியும் கண்ணில் பட்டன. இரவல் வாங்கியது, திருப்பவே இல்லை. கூச்சத்தோடு போன் செய்தேன். "அதா? அந்த வருஷமே வேற வாங்கிட்டேன்யா. நீ திருப்பித் தருவேன்னு நான் நம்பவே இல்ல" என்றார். என் அலமாரியில் இப்படி அடுத்தவர் புத்தகம் பதினொன்று தேறியது. என்னுடையவை எத்தனை வீடுகளில் இருக்கின்றனவோ, அந்தக் கணக்கை எடுக்க எனக்குத் தெம்பில்லை.

என் முடிவு

பட்டியல் போடுவதை நான் ஒரு வழியாக எண்ணவில்லை, அது எல்லா வழிக்கும் முன்வாசல். கணினியில் ஒரு சாதாரண அட்டவணை. பெயர், ஆசிரியர், பதிப்பு வருஷம், அலமாரி எண், தட்டு எண். போனில் பட்டைக்குறியீட்டைப் படித்துத் தானே விவரம் நிரப்பும் செயலிகள் உண்டு. ஆனால் அந்தக் குறியீட்டில் இருப்பது ஐ.எஸ்.பி.என். என்ற புத்தக அடையாள எண், அந்த முறையே 1970ல்தான் சர்வதேசத் தரமானது. அதற்குப் பிறகும் நம் பதிப்புகள் பலவற்றில் அந்த எண் இருக்காது, உட்கார்ந்து தட்டச்ச வேண்டியதுதான். ஒரு நாளைக்கு நாற்பது என்று போட்டு நாலு மாதத்தில் முடித்தேன். நாலாயிரத்து அறுபத்தெட்டு. அதில் ஒன்றுக்கு மேற்பட்ட பிரதி இருந்தவை மட்டும் நூற்றுப் பன்னிரண்டு தலைப்பு.

அலமாரி இனி இல்லை. இருப்பதில் பின்வரிசையும் இல்லை. பின்வரிசைகளை எடுத்துவிட்டால் பதினெட்டு அலமாரிக்குக் கொள்வது மூவாயிரத்துக்குச் சற்று மேல், அதுவே என் வரம்பு. பீப்ஸிடமிருந்து கடன் வாங்கியதாகவே இருக்கட்டும். பரணில் இனிப் புத்தகம் ஏறாது. ஒருமுறை வாசித்துவிட்டு விடக்கூடியவற்றை மின்னூலாக வாங்குவேன். அந்த நூற்றைம்பதை ஸ்கேன் செய்கிறேன், தாளையும் வைத்துக்கொள்கிறேன். வரம்புக்கு மேல் இருக்கும் ஆயிரம், ஆள் பார்த்தும் பட்டியல் கொடுத்தும் இரண்டு மூன்று வருஷத்தில் போகும். இப்போது வரை இருநூற்று நாற்பது போயிருக்கின்றன.

மகளுக்கான பதிலைப் புத்தகத்திலேயே எழுதிவைத்தேன். கடைசிப் பக்கத்தின் கீழ் மூலையில், பென்சிலில், ஒற்றை எழுத்து. ஸ்டிக்கர் வேண்டாம், பசை தாளைக் கறையாக்கும். "கி" என்றால் மறுபடி கிடைக்காது, சேர்த்தே ஒரு நூலகத்துக்குப் போக வேண்டும். "கொ" என்றால் வேண்டியவருக்குக் கொடு. "வி" என்றால் யோசிக்காமல் விட்டுவிடலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தபோது இதைக் காட்டினேன். தலையாட்டிக்கொண்டே, "வி" குவியலைப் புரட்டினாள். அதில் குழந்தைகளுக்கான ஒரு படக் கலைக்களஞ்சியம் இருந்தது. அட்டை போய்விட்டது, கோள்களின் எண்ணிக்கையிலிருந்து எல்லாம் பழசு, இதைவிட நல்லவை எங்கும் கிடைக்கும். ஆறு கேள்வியிலும் தோற்ற புத்தகம். திமிங்கலம் இருக்கும் பக்கத்தில் அதன் வயிற்றுக்குள் நீல நிறக் கிரேயானில் ஒரு வீடு வரைந்திருக்கும், ஜன்னலும் கதவும் புகைபோக்கியுமாக. அவள் அந்தப் பக்கத்தைத் தேடாமலே திறந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கடைசிப் பக்கத்துக்குப் போய், "அழிரப்பர் எங்கப்பா இருக்கு?" என்றாள்.